புலி ஒரே தாவலில் எத்தனை ஆடு வெட்டலாம்?
விதியில் இல்லாததைக் கம்ப்யூட்டர் எப்படி முடிவு செய்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதலில் நடப்பது என்ன? கடிதம் டைப் செய்வதா? வீட்டுக் கணக்கு எழுதுவதா? இரண்டும் இல்லை. கேம்ஸ் ஆடுவதுதான். பிள்ளைகள் மவுஸைப் பிடித்தால் விடுவதில்லை. அவர்கள் தூங்கிய பிறகு பெரியவர்கள் பிடிக்கிறார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் மீது உள்ள பயம் போவதற்கு கேம்ஸைப் போல நல்ல வழி வேறு இல்லை.

ஆனால் ஆடும்போது ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதே இல்லை. கம்ப்யூட்டர் சொல்வதுதான் விதி என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த விதியை எழுதியது யார், அவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது, அவர் ஊரில் சரியானது நம் வீட்டிலும் சரியா என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

விழுப்புரத்தில் ஒரு பஞ்சாயத்து

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்குக் கோடை விடுமுறையில் திண்டிவனத்திலிருந்து அக்கா பிள்ளைகள் வந்திருந்தார்கள். என் மகன் கம்ப்யூட்டரில் ஆடுபுலி ஆட்டம் ஒன்றை டவுன்லோட் செய்து வைத்திருந்தான். அவன் ஆட்டுப் பக்கம், அக்கா மகள் புலிப் பக்கம். அவள் ஒரு ஆட்டைத் தாண்டி வெட்டினாள். அதே வேகத்தில் அடுத்த ஆட்டையும் தாண்ட மவுஸை நகர்த்தினாள். கம்ப்யூட்டர் விடவில்லை. ஆட்டம் என் மகன் கைக்குப் போய்விட்டது.

"மாமா, இந்த கேம் தப்பு. எங்க வீட்டுல ரெண்டு வெட்டலாம், மூணு கூட வெட்டலாம்" என்றாள்.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது. நீதான் அழுகுணி ஆட்டம் ஆடற" என்றான் என் மகன்.

வழக்கு என் அம்மாவிடம் போனது. "ஒரு தடவைக்கு ஒரு ஆடுதான்டா. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ அப்படித்தான் ஆடினோம்" என்றார். அக்கா மகள் விடுவாளா? "ஆயா, திண்டிவனத்துல எங்க அப்பாவோட அம்மா ரெண்டுன்னுதான் சொல்லித் தந்தாங்க" என்றாள். இரண்டு பாட்டிகள், இரண்டு விதிகள். இரு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். நடுவில் யாரோ எழுதிய ஒரு சாஃப்ட்வேர்.

இதில் யார் சொன்னது சரி? பதில் சொல்வதற்கு முன் ஆட்டத்தை ஒருமுறை தெரிந்துகொள்வோம்.

புலிக்கு ஒரு திறமை, ஆட்டுக்கு ஒரு திறமை

தமிழ்நாட்டில் பரவலாக ஆடப்படும் முறையில் ஆடுபுலி ஆட்டத்துக்கு 3 புலி, 15 ஆடு. மலை உச்சி போன்ற ஒரு புள்ளியிலிருந்து கோடுகள் கீழ்நோக்கி விரியும். குறுக்கே சில கோடுகள் போகும். கோடுகள் சேரும் புள்ளிகள் மொத்தம் 23. திண்ணையில் கரித்துண்டால் கிழித்து, ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் புலிக்குக் கூழாங்கல்லும் வைத்து ஆடினார்கள். பல பழைய கோயில்களின் கல் தரையிலும் இந்தக் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

சதுரங்கத்தில் இரு பக்கமும் ஒரே படை. இங்கே அப்படி இல்லை. புலி கோட்டின் வழியே பக்கத்துப் புள்ளிக்கு நகரலாம். பக்கத்தில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அடுத்த புள்ளி காலியாக இருந்தால், தாண்டி அந்த ஆட்டை வெட்டலாம். ஆட்டுக்குத் தாண்டவும் முடியாது, வெட்டவும் முடியாது. ஆடுகளை ஒவ்வொன்றாகக் கட்டத்தில் வைக்க வேண்டும். 15 ஆடும் வைத்து முடிந்த பிறகுதான் அவை நகரும். எல்லாப் புலிகளையும் அசைய விடாமல் அடைத்தால் ஆட்டுப் பக்கம் ஜெயித்தது.

அதாவது, ஒவ்வொரு வகைக் காய்க்கும் தனித்தனித் திறமை. இதுவரை பெரும்பாலும் ஒத்துப்போகும். சண்டை வருவது, சொன்ன விதியால் அல்ல. சொல்லாமல் விட்டதால். எவையெல்லாம் விட்டுப்போயின என்று பாருங்கள்.

1. புலி ஒரே முறையில் ஒரு ஆடுதான் வெட்டலாமா, வழி இருந்தால் தொடர்ந்து வெட்டலாமா?

2. வெட்ட வாய்ப்பு இருந்தால் வெட்டியே ஆக வேண்டுமா, விருப்பப்பட்டால் போதுமா?

3. 15 ஆடும் வைத்து முடிவதற்குள் புலி வெட்டலாமா?

4. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி? ஐந்தா, பத்தா, எல்லாமா?

5. ஒரு புலி மட்டும் அடைபட்டால் அதை எடுத்துவிட வேண்டுமா, வழி திறக்கும்வரை அங்கேயே இருக்கலாமா?

6. ஒரே இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் போவதும் வருவதுமாக யாராவது இழுத்தடித்தால் என்ன செய்வது?

இவை சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெட்டியே ஆக வேண்டும் என்றால், ஆட்டுக்காரர் ஒரு ஆட்டை இரையாக வைத்துப் புலியை மூலைக்கு இழுக்கலாம். கட்டாயம் இல்லை என்றால் அந்தத் தந்திரம் பலிக்காது. மூன்றாவது கேள்வியில் கணக்கே இருக்கிறது. புள்ளிகள் 23. புலியும் ஆடும் சேர்ந்தால் 18. ஒரு ஆடும் வெட்டுப்படாமல் எல்லாம் வைத்து முடித்தால் காலி இடம் ஐந்தே ஐந்துதான். அந்த நெரிசலில் தாண்டுவதற்குப் புலிக்கு இடம் எங்கே? ஆகவே அதுவரை வெட்டக் கூடாது என்று ஒருவர் சொல்லிவிட்டால், ஆட்டுப் பக்கத்துக்குப் பெரிய சலுகை கிடைத்துவிடுகிறது. விதியில் ஒரு வார்த்தை மாறினால் ஆட்டமே மாறிவிடும்.

புத்தகம் போட்டும் தீராத சண்டை

"நம் ஆட்டங்களுக்கு விதிப் புத்தகம் இல்லை, அதனால்தான் இந்தக் குழப்பம். வெளிநாட்டு ஆட்டம் என்றால் அச்சில் தெளிவாக இருக்கும்" என்கிறீர்களா? அப்படி இல்லை. அதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு.

உங்கள் பிள்ளைகள் ஆடும் கம்ப்யூட்டர் கேம்களில் கிளாஸ், லெவல், ஹிட் பாயின்ட் போன்ற சொற்களைப் பார்த்திருப்பீர்கள். இவை பரவியதற்கு முக்கியக் காரணம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் நடுவர். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். "எதிரே இருண்ட குகை. என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். ஆடுபவர் தான் செய்யப் போவதை வாயால் சொல்வார். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இதில் கிளாஸ் என்பது பள்ளிக்கூட வகுப்பு அல்ல. கதாபாத்திரத்தின் தொழில். முதல் பெட்டியில் மூன்றே தொழில்கள்தான் இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. புலிக்கும் ஆட்டுக்கும் போலவே ஒவ்வொருவருக்கும் தனித் திறமை. 1975-ல் கிரேஹாக் என்ற துணைப் புத்தகத்தில் திருடன் என்ற நாலாவது தொழில் வந்தது. பூட்டுத் திறப்பான், பொறியை அகற்றுவான், சத்தமில்லாமல் நடப்பான், நிழலில் ஒளிவான், சுவர் ஏறுவான்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. யோசித்துப் பாருங்கள். திருடன் வருவதற்கு முன், ஒரு போர்வீரன் "நான் மெதுவாக அடியெடுத்து வைத்து நடக்கிறேன்" என்று சொன்னால் நடுவர் ஏதோ ஒரு முடிவு சொல்லி ஆட்டத்தை நகர்த்துவார். இப்போது "சத்தமில்லாமல் நடப்பது திருடனின் திறமை" என்று அச்சில் வந்துவிட்டது. அப்படியானால் மற்றவர்கள் மெதுவாக நடக்கவே முடியாதா? சுவர் ஏறுவது திருடனின் திறமை என்றால் போர்வீரனுக்கு ஏறத் தெரியாதா? மாமரத்தில் ஏறத் தெரியாத பையன் நம் ஊரில் உண்டா? புத்தகம் திருடனைப் பற்றித்தான் பேசியது. மற்றவர்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

1978-ல் வெளியான அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்தில் ஒவ்வொரு திறமைக்கும் ஒரு சதவீதம் இருந்தது. முதல் லெவல் திருடன் சுவர் ஏற 85 சதவீத வாய்ப்பு. நிழலில் ஒளிய 10 சதவீதம்தான். நூறுக்குள் ஒரு எண் வரும்படி பகடை போட்டு, பத்தோ அதற்குக் கீழோ வந்தால்தான் ஒளிந்தான். பத்தில் ஒன்பது முறை மாட்டிக்கொள்வான். இங்கே கேள்வி இன்னும் பெரிதாகிறது. திறமை உள்ளவனுக்கே பத்து சதவீதம் என்றால் திறமை இல்லாதவனுக்கு எவ்வளவு? பூஜ்யமா? அல்லது, திரைக்குப் பின்னால் நிற்பது யாராலும் முடியும்; நிழலில் கலந்து மறைவது மட்டும்தான் திருடனின் தனித் திறமையா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். இரண்டு விதமாகவும் ஆடினார்கள்.

12 உயிர்ப்புள்ளியும் ஒரு முதுகுக் குத்தும்

திருடனுக்கு இன்னொரு திறமை, பின்னாலிருந்து குத்துவது. குறி தவறாமல் இருக்கக் கூடுதலாக நாலு புள்ளி கிடைக்கும். முதல் நாலு லெவல்களில் சேதம் இரண்டு மடங்கு. விதி ஒரே வரிதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கேள்வி, பின்னால் என்றால் என்ன? எதிரி வேறொருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது சுற்றிப் போய் நின்றால் போதுமா? அல்லது திருடன் வருவதே எதிரிக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமா?

இரண்டாவது கேள்வி, எதை இரண்டு மடங்காக்குவது? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகடையில் விழுந்த சேதம் 4. திருடன் பலசாலி என்பதால் 1 கூடுதல். மந்திரக் கத்தி என்பதால் 2 கூடுதல்.

பகடையை மட்டும் இரண்டால் பெருக்கி, பிறகு கூட்டினால்: 4 பெருக்கல் 2 சமம் 8. அதோடு 3 சேர்த்தால் 11.

எல்லாவற்றையும் கூட்டி, பிறகு பெருக்கினால்: 4, 1, 2 சேர்ந்தால் 7. பெருக்கல் 2 சமம் 14.

எதிரிக்கு 12 உயிர்ப்புள்ளி இருந்தால்? முதல் கணக்கில் அவன் பிழைத்து, திரும்பித் திருடனை வெட்டுவான். இரண்டாவது கணக்கில் அங்கேயே விழுவான். மாதக்கணக்கில் வளர்த்த கதாபாத்திரம் வாழ்வதும் சாவதும் முதலில் கூட்டுவதா, முதலில் பெருக்குவதா என்பதில் இருக்கிறது. சண்டை வராமல் இருக்குமா?

அடுத்தடுத்த பதிப்புகளில் இவற்றைச் சரிசெய்துகொண்டே வந்தார்கள். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு, திருடன் தாக்கப் போவது எதிரிக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்றது. முதலில் பெருக்க வேண்டும், பிறகே பலத்துக்கும் ஆயுதத்துக்கும் உரிய கூடுதலைச் சேர்க்க வேண்டும் என்றது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் பெருக்குவதையே எடுத்துவிட்டு, கூடுதல் பகடை போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். சுவர் ஏறுவதும் ஒளிவதும் யாரும் முயன்று பார்க்கக்கூடிய பொதுத் திறமைகள் ஆயின. முதல் திருடன் வந்து 25 வருடம் கழித்து!

அந்த 25 வருடமும் ஆட்டம் நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம், மேசையில் நடுவர் இருந்தார். விதி மௌனமாக இருந்த இடத்தில் அவர் பேசினார். "இந்த வீட்டில் இப்படித்தான்" என்று ஒரு முடிவைச் சொன்னார். அதற்கு வீட்டு விதி என்று பெயர். அவராலும் முடியாதபோது ஆட்டக்காரர்கள் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டார்கள். டிராகன் என்ற பத்திரிகையில் இதற்கென்றே 1979-ல் ஒரு கேள்வி பதில் பகுதி தொடங்கினார்கள். நம் திண்ணையில் அந்த நடுவர் வேலையைச் செய்தவர் பாட்டி. வெற்றிலையை மென்றுகொண்டே, "ஒரு தடவைக்கு ஒண்ணுதான்" என்பார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கம்ப்யூட்டருக்கு "பார்த்துக்கலாம்" தெரியாது

இதே ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போடும்போது என்ன நடக்கிறது? இதுதான் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது.

மனிதனால் விதியைப் பாதி எழுதிவிட்டு, மீதியை வரும்போது பார்த்துக்கலாம் என்று விடமுடியும். புரோகிராம் எழுதுபவரால் முடியாது. புலி நகரும் பகுதியை எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கம்ப்யூட்டருக்கு இப்படி வரிசையாகச் சொல்ல வேண்டும்.

பக்கத்துப் புள்ளியில் ஆடு இருக்கிறதா என்று பார். இருந்தால், அதே கோட்டில் அடுத்த புள்ளி காலியா என்று பார். காலி என்றால், புலியை அங்கே வை, ஆட்டை எடு. எடுத்த பிறகு...

எடுத்த பிறகு என்ன? ஆட்டுப் பக்கத்துக்கு முறையைக் கொடுப்பதா? இன்னொரு ஆடு தாண்டும் நிலையில் இருக்கிறதா என்று மறுபடி பார்ப்பதா? இரண்டில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். எழுதாமல் விட்டாலும் புரோகிராம் ஏதோ ஒன்றைச் செய்யும், அதுவும் ஒரு முடிவுதான். அவர் தன் வீட்டில் கற்றதை எழுதுவார். அல்லது, எழுதுவதற்கு எது சுலபமோ அதை எழுதுவார். நம் கண்ணுக்குத் தெரிவது திரையில் ஓடும் புலி மட்டும்தான். அதற்குள் ஒருவர் எடுத்த முடிவு இருப்பது தெரிவதில்லை. என் மகன் "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்றது இதனால்தான். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணவில்லை என்பது உண்மை. ஆனால் அது சரியான விதியைச் சொல்லவும் இல்லை. எழுதியவர் சொன்னதைச் செய்தது, அவ்வளவுதான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் இதே வழியில் கம்ப்யூட்டருக்கு வந்தது. 1988-ல் பூல் ஆஃப் ரேடியன்ஸ், 1998-ல் பால்டர்ஸ் கேட் என்ற கேம்கள் வந்தன. பால்டர்ஸ் கேட் இரண்டாம் பதிப்பு விதிகளை அடிப்படையாகக் கொண்டது. அதில் திருடன் கண்ணில் படாமல் மறைந்திருக்க வேண்டும், எதிரியின் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். இரண்டும் இருந்தால் முதுகுக் குத்து. ஒன்று குறைந்தாலும் சாதாரணக் குத்து. விவாதமே இல்லை. சுவர் ஏறும் திறமை என்ன ஆனது? அந்தக் கேமில் அது கிடையாது. புத்தகத்தில் இருந்த திறமை திரைக்கு வரவில்லை. புத்தகத்தைப் படிக்காமல் கேமை மட்டும் ஆடியவருக்கு, திருடன் சுவர் ஏறுவான் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

நம் பக்கத்து நாட்டு ஆட்டம் ஒன்றும் இதற்குச் சாட்சி. நேபாளத்தில் பாக்-சால் என்று ஒரு புலி ஆட்டம் உண்டு. 25 புள்ளிகள், 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கம்ப்யூட்டரில் கொடுத்து முழுக்க அலசினார்கள். இரு பக்கமும் பிழையே செய்யாமல் ஆடினால் யாருக்கும் வெற்றி இல்லை, டிராதான் என்று 2009-ல் வெளியான கட்டுரையில் சொன்னார்கள். கம்ப்யூட்டரிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே, முதலில் ஒவ்வொரு விதியையும் இப்படித்தான் என்று முடிவு செய்து கொடுத்தாக வேண்டும். விதியில் ஒன்றை மாற்றினால் அந்த விடை செல்லாது. கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்?

"விளையாட்டுதானே சார், எந்த விதியாக இருந்தால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் எல்லாப் பதிப்புகளும் அச்சில் இருக்கின்றன. 1974-ல் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் எடுத்துப் பார்க்கலாம். சண்டை போட்டவர்களின் கேள்விகள்கூடப் பத்திரிகையில் பதிவாகியிருக்கின்றன. நம் ஆட்டங்களின் விதிகளில் பெரும்பகுதி பாட்டிகளின் நினைவில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் திண்ணையை விட்டுத் திரைக்கு வந்துவிட்டார்கள். இனி ஆடுபுலி ஆட்டம் என்றால் டவுன்லோட் செய்த கேம் சொல்வதுதான் விதி என்று ஆகிவிடும். திண்டிவனத்துப் பாட்டியின் இரண்டு வெட்டு, விதி என்ற நிலையிலிருந்து இறங்கி, அழுகுணி ஆட்டம் ஆகிவிடும். அன்று எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். அந்தப் பெண் தன் பாட்டியிடம் கற்றதைச் சரியாகத்தான் ஆடினாள். ஏமாற்றுக்காரி என்று பெயர் வாங்கினாள்.

ஆடுபுலிக்கு மட்டும் அல்ல, தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் இதே நிலைதான். தாயம் விழாமல் காய் இறக்கலாமா, வெட்டினால் மறு ஆட்டம் உண்டா என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். அம்மா ஒன்று சொல்வார், மாமியார் வேறொன்று சொல்வார்.

நீங்கள் செய்யக்கூடியது

நல்ல செய்தி, இதற்கு மருந்தும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில், கேம் ஆடுவதற்கு முன் அதன் விதியைப் படியுங்கள். பெரும்பாலான கேம்களில் ஹெல்ப், ரூல்ஸ், அபௌட் என்று ஏதாவது ஒரு மெனு இருக்கும். செட்டிங்ஸ் பகுதியையும் திறந்து பாருங்கள். கட்டாய வெட்டு, தொடர் வெட்டு போன்றவற்றை மாற்றிக்கொள்ளும் வசதி சில கேம்களில் இருக்கும். மேலே சொன்ன ஆறு கேள்விகளையும் வரிசையாக வைத்து, இந்தக் கேம் எதற்கு என்ன பதில் சொல்கிறது என்று பாருங்கள். எழுதி வைக்கவில்லை என்றால், ஆடிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். பிள்ளைகளுக்கு இது ஆட்டத்தை விடப் பிடித்துப்போகும்.

அடுத்து, உங்கள் வீட்டு விதியை எழுதுங்கள். இதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். விண்டோஸில் உள்ள நோட்பேட் போதும். தமிழ் 99 முறையிலோ உங்களுக்குப் பழகிய வேறு யூனிகோட் முறையிலோ டைப் செய்யுங்கள். சேவ் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. 2019-க்கு முந்தைய விண்டோஸ் என்றால், சேவ் ஆஸ் பெட்டியின் அடியில் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆன்சி என்று இருந்தால், மறுமுறை ஃபைலைத் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் இருக்கும் இடமெல்லாம் கேள்விக்குறியாக இருக்கும். எழுதிய உழைப்பு வீணாகிவிடும். புதிய விண்டோஸில் யுடிஎஃப்-8 தானாகவே இருக்கும்.

எழுதும்போது மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்.

ஒன்று: யாரால் முடியும் என்று எழுதினால், மற்றவர்களால் முடியாதா என்பதையும் எழுதுங்கள். திருடனின் கதை நினைவிருக்கட்டும்.

இரண்டு: பக்கத்தில், பின்னால், அடைபட்டது போன்ற சொற்களுக்கு விளக்கம் கொடுங்கள். கட்டத்தைப் படமாக வரைந்து புள்ளிகளுக்கு 1 முதல் 23 வரை எண் போட்டுவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். பெயின்ட் புரோகிராமில் கோடு போடத் தெரிந்தால் போதும்.

மூன்று: முதலில் எது, பிறகு எது என்ற வரிசையைச் சொல்லுங்கள். கூட்டிப் பெருக்குவதற்கும் பெருக்கிக் கூட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தோம் அல்லவா?

எழுதி முடித்ததும் ஆட்டம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஆடச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அங்கே விதியில் ஓட்டை இருக்கிறது. புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் வேலையைச் சோதிப்பதும் கிட்டத்தட்ட இதே முறையில்தான்.

கடைசியாக, விதிக்குப் பக்கத்தில் அதைச் சொன்னவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். பாட்டி டைப் செய்ய மாட்டார். செல்போனில் அவர் குரலைப் பதிவு செய்து, அந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, விதி ஃபைல் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைப்பதும் நல்லது.

எங்கள் வீட்டு வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பிள்ளைகள் இரண்டு ஃபைல்கள் உண்டாக்கினார்கள். ஒன்றின் பெயர் விழுப்புரம், இன்னொன்றின் பெயர் திண்டிவனம். திண்டிவனம் ஃபைலுக்காக அக்காவின் மாமியாரிடம் போனில் ஆறு கேள்விகளையும் கேட்டோம். ஐந்துக்குச் சட்டென்று பதில் சொன்னார். ஆறாவதுக்கு, போவதும் வருவதுமாக இழுத்தடித்தால் என்ன செய்வது என்றதற்கு, கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படி ஆடினா, கலைச்சிட்டுச் சாப்பிடப் போகச் சொல்வேன்" என்றார். அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் ஆடும்போது கேம் சொல்லும் விதி. தரையில் கட்டம் போட்டு ஆடும்போது, ஆட்டம் தொடங்கும் முன் எந்த ஃபைல் என்று பேசி முடிவு செய்கிறார்கள். சண்டை முற்றிலும் நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுகுணி என்ற சொல் மட்டும் இப்போது கேட்பதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஆறு கேள்விகளையும் கேட்டு ஒரு ஃபைலில் எழுதிப் பாருங்கள்.